வரிப் படிவம் சொல்லும் பாடம்

ஆண்டு பிறந்ததும் வரிப் படிவம் வந்துவிடுகின்றது. அதை நிரப்புவதே பெரும்பாடு என்பர் நம்மவர். எனினும் இவ்வாரம் அதனைச் சற்று நிதானமாக வாசிப்போம்.

சுவிற்சர்லாந்தில் நாம் செலுத்தும் வருமான வரி மூன்று இடங்களுக்குச் செல்கின்றது: மத்திய அரசு, மாநிலம், கெமைன்ட என நாம் அழைக்கும் ஊர்ச்சபை. மாநிலங்கள் 26, ஊர்ச்சபைகள் 2,100க்கும் மேல். இவ்வரியிற் பெரும்பங்கு மாநிலத்துக்கும் ஊருக்குமே உரியது. மத்திய அரசு ஒருவரது வருமானத்தில் 11.5 வீதத்துக்கு மேல் அறவிட முடியாதென அரசியலமைப்பே வரம்பிட்டுள்ளது. அந்த உரிமையும் நிரந்தரமானதன்று. 2018 இல் மக்கள் வாக்களித்து அதனை 2035 வரை மட்டுமே நீடித்தனர்.

சிறிய ஊர்களில் வாக்குரிமையுள்ளோர் மண்டபத்திற் கூடி, பாடசாலைக் கூரைக்கு எவ்வளவு, வீதிக்கு எவ்வளவு எனக் கணக்குப் பார்த்துக் கையுயர்த்தி முடிவு செய்கின்றனர். கூரை வேண்டுமென்பவரே அதற்குரிய வரியையும் செலுத்துபவர். ஆதலால் வீண்செலவு அவர் கையையே கடிக்கும்.

கடித்த கதையும் உண்டு. வாலிஸ் மாநிலத்தில் வெந்நீரூற்றுக்குப் பெயர்பெற்ற சிற்றூர் லொய்க்கபாட். உல்லாசப் பயணிகளை நம்பி 300 மில்லியன் பிராங்குக்கு மேற் கடன்பட்டு, 1998 இல் அதனை இறுக்க வழியின்றி நின்றது. மாநிலமே பொறுப்பேற்க வேண்டுமெனக் கடன் கொடுத்தோர் வழக்காடினர். மாநிலம் பொறுப்பன்று என 2003 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. அதிகாரம் எவரிடமோ, பொறுப்பும் அவரிடமே.

அப்படியாயின் வறிய ஊர்களின் கதி என்ன? 2004 இல் மக்கள் ஏற்று, 2008 இல் நடைமுறைக்கு வந்த நிதிச் சமப்படுத்தல் இதற்கு விடை கூறுகின்றது. சூக் போன்ற செல்வ மாநிலங்கள் கொடுக்கின்றன. வசதி குறைந்தவை பெறுகின்றன. மலைப்பகுதிகளின் மேலதிகச் செலவுக்கும் பெருநகரங்களின் சமூகச் சுமைக்கும் மத்திய அரசு தனியே ஈடு செய்கின்றது. இன்னதற்கே செலவிடு என்ற கட்டளை அப்பணத்தோடு வருவதில்லை.

இனி நமது நாட்டை நினைத்துப் பார்ப்போம். 1987 இல் 13 ஆவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. பணப்பையோ கொழும்பிலேயே இருந்தது. 2013 முதல் 2018 வரை இயங்கிய வடமாகாண சபையும் பெரும்பாலும் மத்திய அரசின் மானியத்தையே நம்பியிருந்தது. சோலைவரி வாங்கிய பழைய கிராமசபைக்கு, சிறிதெனினும், சொந்தப் பணம் ஒன்றிருந்தது. அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசுவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா இதுவே: வரி விதிக்கும் உரிமை யாருக்கு?

சென்ற கார்த்திகையில் நம் ஊர்ச்சபைக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். இங்கு குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல. எனினும் அம்மண்டபத்தில் இருந்த ஒரே தமிழ் முகம் நாமே. அங்கே உரிமை கேட்கும் நாம், இங்கே கிடைத்த உரிமையை அழைப்புக் கடிதத்தோடு குப்பையில் இடலாமா? அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோம்.