வளைந்து கொடுக்கும் எஃகு



இத்திங்கள் ஒரு தாயாரின் கடிதத்திற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளேன். அவருடைய கணவர் 1974-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலேயச் சைக்கிள், அவர் மறைந்த பின்னும் வீட்டுத் திண்ணையில் நிற்கின்றது. பின்சக்கரம் உடைந்துவிட்டது. பேரனோ, தாத்தாவின் சைக்கிளில்தான் கல்லூரி செல்வேன் என்கிறான். வாங்கிவந்த புதிய சக்கரம் அதில் நுழையவில்லை. கைகளால் விரித்துச் செருகி நட்டை இறுக்கினால் போதும் என்கிறார் கடைக்காரர். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். எதைச் செய்வது?

அம்மா, இரண்டும் வேண்டா.

பின்சக்கரத்தின் அச்சைத் தாங்கும் இரு கவைகளுக்கும் இடையேயுள்ள அகலம் காலந்தோறும் மாறிவந்துள்ளது. பின்னால் ஐந்து பற்சக்கரங்கள் இருந்த காலத்தில் அது 120 மில்லிமீட்டர். ஆறும் ஏழும் வந்தபோது 126. எட்டு வந்தபின், விளிம்பில் பிரேக் பிடிக்கும் பந்தயச் சைக்கிள்களில் 130. உங்கள் வண்டி முதல் வகை; சக்கரம் மூன்றாம் வகை. இடைவெளி 10 மில்லிமீட்டர்.

கையால் விரித்தாலும் சக்கரம் நுழையும். ஆனால் எஃகு சற்றே வளைந்தால் பழைய நிலைக்கே மீளும் இயல்புடையது. ஆகவே கவைகள் எந்நேரமும் அச்சை நெருக்கிக்கொண்டேயிருக்கும்; அவற்றின் முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நில்லாமல் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் இறுக்கிய அச்சு நாளடைவில் வளையும்; ஒருநாள் முறியவும் கூடும். அன்று வண்டியில் இருப்பவன் உங்கள் பேரன்.

முறையான வழி உண்டு. ஓர் எல்லையைக் கடந்து வளைத்தால் எஃகு புதிய வடிவிலேயே நிலைத்துவிடும். இதனைத் தீயின்றியே செய்தல் வேண்டும்; சூடேற்றினால் பற்றவைத்த மூட்டுகள் பழுதாகும். அலுமினியச் சட்டத்திலும் கரியிழைச் சட்டத்திலும் இதனை ஒருபோதும் முயலலாகாது. எஃகிலும் வெப்பப் பதம் ஏற்றிய மிக மெல்லிய குழாய்கள் இதற்கு ஆகா. துருவோ வெடிப்போ கண்ட சட்டத்தையும் தொடலாகாது.

முதலில் ஒரு நூலை ஒரு கவையில் கட்டி, கைப்பிடி நிற்கும் முன்குழாயைச் சுற்றிக் கொணர்ந்து, மறு கவையில் இழுத்துக் கட்டுங்கள். இருக்கை நிற்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்து எழுதுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் சட்டம் நேராக உள்ளது. பின்னர் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே 5 மில்லிமீட்டர் வெளியே நகர்த்த வேண்டும். இரண்டையும் ஒருசேர விரித்தால் வலிமை குறைந்த பக்கமே மிகுதியாக வளையும். சக்கரம் நடுவில் நில்லாது.

நீண்ட மரச்சட்டத்தை நெம்புகோலாகக் கொண்டு, சிறிது அழுத்தி, விட்டு, அளந்து, மீண்டும் சிறிது அழுத்துவதே முறை. 5 மில்லிமீட்டர் நிலைக்க வேண்டுமாயின் அதனினும் மிகுதியாக இழுக்க வேண்டியிருக்கும். எஃகு ஓரளவு திரும்பிவரும். அவசரப்பட்டு மிகையாக வளைத்து, மறுபடி உள்ளே தள்ளினால் உலோகம் களைத்துப்போகும். இறுதியில் நூலால் மீண்டும் சோதித்து, கவைகளின் முகங்களை அதற்குரிய கருவிகொண்டு இணையாக்குதல் வேண்டும். பற்சக்கரம் மாற்றும் கருவி தொங்கும் காதும் நேராக உள்ளதா எனப் பார்த்தல் நலம்.

மற்றொன்று. அக்கால ஆங்கிலேயச் சைக்கிள்கள் பலவற்றில் 27 அங்குலச் சக்கரம் இருந்தது. இன்றைய 700 அளவுச் சக்கரத்தின் விளிம்பு ஆரத்தில் 4 மில்லிமீட்டர் சிறியது. பிரேக் கட்டைகள் அவ்வளவு கீழிறங்கி விளிம்பைப் பற்றுகின்றனவா எனப் பார்த்த பின்னரே வண்டியைச் சாலையில் இறக்குங்கள். டயரைத் தொட்டால் அது கிழியும்.

இவ்வேலையை வீட்டில் முயல வேண்டா. நூலும் அளவுகோலும் எடுத்து வேலை செய்யும் தொழிலாளியிடம் கொடுங்கள். அளக்காமல் வளைப்பவரிடம் கொடாதீர்கள். பேரனை அருகிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தாத்தாவின் வண்டியோடு, பொறுத்து அளந்து செய்யும் பழக்கமும் அவனுக்கு வந்து சேரட்டும்.