மூலிகைக்கு மந்திரம் எதற்கு?

நமது நாட்டில் ஒரு செடிக்கு நோய் தீர்க்கும் குணம் இருப்பதாகத் தெரிந்துவிட்டால், உடனே அதன் தலையில் ஒரு கடவுளை ஏற்றிவைத்துவிடுவது வழக்கமாயிருந்து வருகின்றது. துளசி என்றால் லட்சுமி, வேம்பு என்றால் மாரியம்மன், வில்வம் என்றால் சிவன் என்று சொல்லி, சுற்றிவரவும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த இலைக்குள் என்ன இருக்கின்றது, அது எந்த நோயை எந்த அளவில் தீர்க்கும் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்களா? துளசியின் மணத்துக்குக் காரணம் அதன் எண்ணெயிலுள்ள யூஜினால் முதலிய பொருள்களேயாகும். அதே யூஜினால் கிராம்பில் இன்னும் ஏராளமாக இருக்கின்றது. அப்படியானால் லட்சுமி கிராம்பில் குடியேறாததற்குக் காரணம் என்ன என்று வைதிகர்களைக் கேட்கின்றோம்.

இதனால் நாம் மூலிகைகளுக்கு விரோதிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். செடிகளின் குணத்தை முதலில் கண்டறிந்தவர்கள் யார்? காட்டில் அலைந்தவன், ஆடு மேய்த்தவன், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, கத்தியும் மருந்துப்பையும் சேர்த்துச் சுமந்த மருத்துவர் சாதியார் ஆகிய இவர்களேயாவார்கள். இவர்களைத் தீண்டக்கூடாதவர்கள், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, இவர்கள் பாடுபட்டுக் கண்ட அறிவை மாத்திரம் ரிஷிகளுக்குக் கடவுள் அருளியது என்று எழுதிக்கொண்டது எவ்வளவு பெரிய மோசம்! கடவுள் அருளியது என்று சொல்லிவிட்டால் அதை யாரும் சோதிக்கக் கூடாது. சோதிக்காத இடத்தில் அறிவு வளராது. நமது ஆட்சேபணையெல்லாம் இந்த இடத்தில்தான்.

சீன தேசத்தைப் பாருங்கள். நம் ஊர்ப் பூக்கடைகளில் விற்கும் மரிக்கொழுந்துக்கு இனமான, மணமுள்ள ஒரு செடி அங்கே உண்டு. அதன் சாறு காய்ச்சலுக்கு ஆகும் என்று கோ ஹோங் என்பவர் நாலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அதே கோ ஹோங், பொன்னைக் கொண்டு சாகாமருந்து செய்யலாம் என்றும் எழுதியவர். முன்னோர் வாக்கெல்லாம் உண்மை என்று கொண்டிருந்தால் இரண்டையும் பூஜையில் வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் 1969-ல் மலேரியாவுக்கு மருந்து தேடும் வேலையை ஏற்ற தூ யூயூ என்ற பெண்மணியும் அவரது கூட்டத்தாரும் அப்படிச் செய்யவில்லை. பழைய குறிப்புகள் 2000-க்கு மேல் திரட்டினார்கள். சுமார் 200 செடிகளிலிருந்து 380-க்கு மேற்பட்ட சாறுகள் எடுத்து, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை பயன்படவில்லை. இந்தச் செடியும் முதலில் ஒழுங்காகப் பலன் தரவில்லை. கொதிக்க வைத்தால் சத்து கெடுகின்றதோ என்று ஐயுற்று, குறைந்த சூட்டில் ஈதர் என்னும் திரவத்தில் இறக்கிப் பார்த்தபோதுதான் பலன் கண்டது. 1972-ல் அந்தச் சாற்றைத் தாங்களே முதலில் உண்டு சோதித்துவிட்டு, பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதுவே ஆர்ட்டிமிசினின். கொடிய மலேரியாவுக்கு அதன் வழிவந்த மருந்துகளை வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்கின்றது. 2015-ல் அந்த அம்மையாருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சாகாமருந்து எங்கே போயிற்று? சோதனையில் நின்றது பிழைத்தது. நிற்காதது ஏட்டோடு போயிற்று.

நமது கீழாநெல்லியின் கதையும் தெரிந்துகொள்ளத் தக்கதாகும். மஞ்சட்காமாலைக்கு மந்திரிக்கிறவன் எப்படிப் பிழைக்கின்றான் தெரியுமா? காமாலையில் பல வகை உண்டு. அசுத்தத் தண்ணீரால் வருகின்ற வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்கிவிடும். நீங்கினால் மந்திரத்தின் மகிமை. ஆள் செத்தால் தலைவிதி! இப்படி இரண்டு பக்கமும் லாபமுள்ள வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா? சென்னை ஆராய்ச்சியாளர்கள் இந்த வழியில் போகவில்லை. ஈரலைக் கெடுக்கும் பி வகைக் கிருமி உடலில் நிலைத்துவிட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லியும் மறு பிரிவுக்கு வெறும் மருந்தும் 30 நாள் கொடுத்தார்கள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெறும் மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கும் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-ல் வெளியிட்டார்கள். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பின்னர் வேறு தேசங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அது தீர்ந்த மருந்து என்று சொல்ல இடமில்லை. "நம் மூலிகையைக் குறை சொல்லலாமா" என்று சிலர் கோபிக்கலாம். ஈரல் கெட்டவனுக்கு வேண்டியது அபிமானமா, குணமா?

"இயற்கை மருந்து, ஆகையால் கெடுதல் செய்யாது" என்கிற புரட்டும் இப்போது ஒன்று கிளம்பியிருக்கின்றது. எட்டியும் அரளியும் இயற்கையில் விளைந்தவைதானே! பெல்ஜியம் தேசத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை சேர்ந்த மருந்தை உண்ட பெண்கள் சிறுநீரகம் கெட்டுப்போன செய்தி 1993-ல் வெளிவந்தது. அதில் கலந்திருந்த ஒரு செடியின் அரிஸ்டலோகிக் அமிலமே காரணம் என்று பிறகு கண்டார்கள். அது புற்றுநோயையும் உண்டாக்கும். அதே நஞ்சு நம்முடைய ஆடுதீண்டாப்பாளையிலும் இருக்கின்றது. ஆடுகூடத் தீண்டாது என்று கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தான் மேய்ச்சற்காரன். அவனுக்கிருந்த ஜாக்கிரதை, "பரம்பரை ரகசியம்" என்று பொட்டலம் கட்டி விற்கிறவனுக்கு இருக்க வேண்டாமா?

தோழர்களே! இனி யார் மருந்து கொடுத்தாலும், அவர் நாட்டு வைத்தியரானாலும் சரி, இங்கிலீஷ் டாக்டரானாலும் சரி, இது என்ன பொருள், எவ்வளவு உண்பது, யார் சோதித்தார்கள், எத்தனை பேருக்குக் குணமாயிற்று, எத்தனை பேருக்கு ஆகவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்லுகிறவர் வைத்தியர். ரகசியம் என்றும், கேட்டால் பலிக்காது என்றும், நல்ல நாள் பார்த்துப் பறித்தது என்றும் சொல்லுகிறவர் புரோகிதர். உண்மையான குணமுள்ள செடி எந்தச் சோதனைக்கும் அஞ்சாது. அஞ்சுகிறவன் அதை வைத்துப் பிழைக்கிறவனேயாவான்.