சோர்வுக்கு சர்டிபிகேட் இல்லை

அசதி, களைப்பு, சோர்வு, சோம்பல்... நம்மூரில் இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். "நல்லா தூங்கினா சரியாயிடும்", "கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணு" என்று இலவச வைத்தியமும் சொல்லிவிடுவோம். தசைச்சிதைவு, மயஸ்தீனியா கிராவிஸ் மாதிரி நரம்பு, தசை சம்பந்தப்பட்ட நோய் உள்ளவர்களுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

நாம் படியேறும்போது கால் தசையின் பலத்தில் ஒரு பகுதியைத்தான் செலவழிக்கிறோம். தசைச்சிதைவு உள்ளவருக்கு அதே படி ஏற, இருக்கிற பலம் கிட்டத்தட்ட மொத்தமும் தேவைப்படலாம். மயஸ்தீனியாவில் கதை வேறு. நரம்பு அனுப்பும் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் பலம் இறங்கிக்கொண்டே போகும். காலையில் நன்றாக இருந்தவருக்கு மாலையில் கண் இமை தொங்கிவிடும். மூச்சுத் தசைகள் தளர்ந்தவர்களுக்கோ இரவில் கார்பன் டை ஆக்சைடு சரியாக வெளியேறாது. எட்டு மணி நேரம் தூங்கியும் தலைவலியோடு எழுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அறிவுரை அல்ல. தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்ற பரிசோதனையும், தேவைப்பட்டால் பைபேப் கருவியும்தான்.

இது ஒன்றிரண்டு பேர் பிரச்சினையும் இல்லை. 2005-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று மூன்று வகை நரம்பு-தசை நோயாளிகளைப் பார்த்தது. மூன்று வகையிலுமே 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கடுமையான சோர்வு இருந்தது.

நல்ல செய்தியும் உண்டு. 2018-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், மயோட்டானிக் தசைச்சிதைவு உள்ள 255 பேர் கலந்துகொண்டார்கள். மனநல ஆலோசனையும், சிலருக்கு அதோடு படிப்படியாகக் கூட்டிய மிதமான உடற்பயிற்சியும் கிடைத்த குழுவினரின் அன்றாடச் செயல்திறன் கூடியது. வேலையைப் பிரித்துச் செய்வது, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுப்பது, தூரம் போக வீல்சேர் பயன்படுத்துவது... இவையெல்லாம் சோர்வை நிர்வகிக்கும் வழிகள். வீல்சேரில் உட்கார்ந்தால் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. மிச்சமாகும் பலத்தை வகுப்பில் செலவழிக்கலாமே!

ஆனால் ஒன்று. அவர் இப்படிச் சேமித்து வைப்பதை ஊர் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? தாம்பரம் ஸ்டேஷனில் நடைமேம்பாலம், கூட்ட நேரத்து பீச் ரயில், உயரப் படி வைத்த பஸ். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, தென் மாவட்டம் போகிறவர் பஸ்ஸில் உட்காருவதற்கு முன்பே நடக்கிற தூரம் வேறு. ப்ரீபெய்டு பேலன்ஸ் மாதிரிதான், போய்ச் சேருவதற்குள் பாதி காலி. 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 58 தாழ்தளப் பேருந்துகளை விட்டது நல்ல ஆரம்பம்.

அடுத்து பரீட்சை. எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், மாற்றுத்திறனாளி மாணவருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரச் சொன்னது. மூன்று மணி நேரப் பரீட்சை நான்கு மணி நேரம் ஆகும். மெதுவாக எழுதுகிறவருக்கு இது உதவும். ஆனால் எழுத எழுத கை ஓய்ந்துபோகிறவருக்கு? இடையில் ஓய்வெடுத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவருக்கு வேண்டியது கடிகாரத்தை நிறுத்தும் இடைவேளை. பிரிட்டனில் பள்ளித் தேர்வுகளில் கண்காணிப்பாளர் முன்னிலையில் இப்படி ஓய்வு தரும் முறை இருக்கிறது. "காப்பி அடிக்க வாய்ப்பாகிவிடாதா?" என்பீர்கள். வினாத்தாளையும் விடைத்தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் முடிந்தது. எழுதும் நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடப்போவதில்லை.

தசைச்சிதைவு 2016-ம் ஆண்டு சட்டத்தின் 21 வகை ஊனங்களில் ஒன்று. மயஸ்தீனியாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற சர்டிபிகேட் வேண்டும். காலையில் டாக்டர் முன்னால் ஒரு முறை கையைத் தூக்கிக் காட்டுகிறவரின் மாலை நேரம் அந்த எண்ணில் எப்படித் தெரியும்? 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 88 சதவீத ஊனம் கொண்ட, தசைச்சிதைவு உள்ள மாணவர் ஒருவர் எம்.பி.பி.எஸ். சேர அனுமதித்தது. சதவீதத்தை மட்டும் பார்க்காதே, அவரால் என்ன செய்ய முடியும் என்று பார் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதே பார்வை சோர்வுக்கும் வரவேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு நண்பர் இருந்தால் அவருடைய வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லி எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். ஒரே நாளில் இரண்டு ப்ராக்டிகல் வராமல் பார்க்கச் சொல்லலாம். மதியம் அவர் பெஞ்சில் தலை சாய்த்தால் கிண்டல் பண்ணாமல் விடலாம். இதற்கெல்லாம் நமக்கு ஆகும் செலவு ரொம்பக் கொஞ்சம்தான்.