இல்லமும் நலமும்: எண்ணெய் வடியும் முகம்

மழைக்காலத்தில் இம்மும்பை மாநகரில் கொடியில் இட்ட துணியும் உலர்வதில்லை. நம் முகமும் உலர்வதில்லை. காலையில் நீராடிப் புறப்பட்டவர் மின்சார ரயிலில் நெருக்குண்டு தாதரில் இறங்குவதற்குள் நெற்றியும் மூக்கும் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடுகின்றன. பெரியவர்கள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறந்துவிடுவர். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கோ அஃது எளிய செய்தி அன்று.

நம் தமக்கை மகள் கல்லூரியிற் சேர்வதற்காக நெல்லையிலிருந்து நம் இல்லம் வந்தாள். முகத்தில் எண்ணெயும் பருக்களும் கண்ட நாம், "முகத்தை நன்றாகக் கழுவம்மா" என்று நாள்தோறும் கூறி வந்தோம். ஒருநாள் அவள், "மாமா, காலையிலிருந்து ஐந்து தடவை கழுவிவிட்டேன்" என்று கண்கலங்கி நின்றாள். தூய்மையற்றவள் என்று நாம் பழித்ததாகவே அவள் கொண்டிருந்தாள். அப்பழி பொருந்தாது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடலெங்கும் தோலினுள் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. முகத்திலும் தலையிலும் அவை மிகுதி. வளரும் பருவத்தில் இருபாலார் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பெருகவே, அச்சுரப்பிகள் விரிந்து மிகுதியாகச் சுரக்கின்றன. இவ்வியல்பு பெரும்பாலும் பெற்றோர் வழி வருவது. பலகாரத்தில் உள்ள எண்ணெய் நேரே முகத்திற்கு வருவதில்லை. மூக்கின்மேல் தோன்றும் கரும்புள்ளியும் அழுக்கன்று. துளையில் அடைபட்ட பொருளே காற்றுப் பட்டுக் கறுத்துத் தோன்றுகிறது.

ஆதலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதால் பயனில்லை. தோல் புண்பட்டுப் பருக்கள் சினங்கொள்வதே மிச்சம். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, மிக வியர்த்தபின் ஒருமுறை கழுவினால் போதும். மென்மையான ஃபேஸ் வாஷை விரல் நுனியால் தடவிக் கழுவி, துணியால் ஒற்றியெடுத்தல் வேண்டும். பயற்றமாவு பழகியோர் அதனை நன்கு சலித்து, அழுத்தித் தேய்க்காமல் பூசிக் கழுவலாம். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் முகத்திற்கு ஆகா. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கன்றிக் கறுப்பதுண்டு.

நம்மவர் இல்லங்களுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் நம் வழக்கம். இவ்வூர் வியர்வையில் அவ்வெண்ணெய் நெற்றிக்கு இறங்கித் துளைகளை அடைக்கிறது. நெற்றியோரம் சிறுசிறு பருக்கள் எழுகின்றன. எண்ணெய்க் குளியலை விட்டுவிட வேண்டுவதில்லை. சனியோ வெள்ளியோ எண்ணெய் தேய்த்து, அன்றே சீயக்காயிட்டு முற்றும் போக்கிவிடுக. எண்ணெய்த் தலையோடு உறங்கினால் தலையணை உறையே இரவெல்லாம் முகத்திற்கு எண்ணெய் பூசும்.

இனிக் கூறுவதைப் பெற்றோர் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். நம் பெண்ணின் நிலைக்கு இரங்கிய அண்டை வீட்டு அம்மையார் ஒரு களிம்பின் பெயரைக் கூறினார். கடையில் ஒரு கேள்வியும் இன்றிக் கொடுத்தனர். சில நாட்களிலேயே முகம் வெளுத்துத் தெளிந்தது, வீடே மகிழ்ந்தது. இரண்டு திங்கள் சென்று களிம்பை நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது. பருக்கள் முன்னினும் பெருகின. தோல் மருத்துவர் உறையைப் படித்துவிட்டு, அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகக் கூறினார். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-ஆம் ஆண்டில் நடுவணரசு விதித்துள்ளது. பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களை உறையில் கண்டால், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் இடாதீர்கள். முன்னரே பல நாள் பூசியிருந்தால் தாமே நிறுத்தி விடாமல் மருத்துவரிடம் காட்டுக.

பருவைக் கிள்ளுதல் கூடாது. நம் மாநிறத் தோலில் அவ்வடு பல திங்கள் கறுத்து நிற்கும். தக்க மருந்தும் பயன்தர இரண்டு, மூன்று திங்கள் ஆகும். ஒரு வாரத்தில் மனந்தளரலாகாது. பருக்களோடு மாதவிலக்குத் தவறுதலும் முகத்தில் உரோமம் மிகுதலும் கண்டால், அஃது உள்ளுறுப்பைப் பற்றிய செய்தியாகவும் இருக்கலாம். பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

நம் பெண்ணின் முகம் தெளிய ஓராண்டு ஆயிற்று. மாலையானால் நெற்றியில் எண்ணெய் இன்றும் வடிகிறது. அவள் துடைத்துவிட்டுப் பாடம் படிக்கிறாள். அதைப்பற்றி நாம் ஒன்றும் கேட்பதில்லை. வாசக அன்பர்களும் தத்தம் பிள்ளைகளை விருந்தினர் முன் நிறுத்தி, "முகமெல்லாம் என்ன இது?" என்று கேளாதிருப்பார்களாக.

வரும் இதழில் பொடுகைப் பற்றி எழுதுவோம்.