படத்தில் இருப்பவரின் பெயர் என்ன?

கழுத்தளவு வெள்ளம். தோளில் ஒரு பழைய தையல் மெஷின். இத்தனை கஷ்டத்திலும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு!

1983-ம் ஆண்டு, குஜராத்தின் போர்பந்தர் நகரம். பருவமழையைப் படமெடுக்க இந்தியா வந்திருந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரியின் கண்ணில் பட்டார் அந்த முதிய டெய்லர். அந்தப் படம், ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழின் 1984 டிசம்பர் அட்டையில் வெளியானது. அட்டையைப் பார்த்த தையல் மெஷின் நிறுவனம், ‘இது நம் மெஷின் ஆயிற்றே’ என்று அடையாளம் கண்டுகொண்டு, அவருக்குப் புதிய மெஷின் ஒன்றை அனுப்பிவைத்ததாம். மெக்கரி மகிழ்ச்சியோடு சொல்லும் கதை இது.

ஒரு புகைப்படம், அதில் இருப்பவருக்கே நேரடியாக நன்மை செய்த அபூர்வமான கதை. ஆனால், உலகப்புகழ் பெற்ற எல்லா முகங்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

பச்சைக் கண்களின் 17 ஆண்டுகள்

டெய்லரின் படம் அட்டையில் வந்த அதே 1984 டிசம்பரில், மெக்கரி பாகிஸ்தானில் இருந்தார். ஆப்கானிஸ்தானில் சோவியத் ராணுவம் புகுந்ததால் லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி அகதிகளாக வந்திருந்த நேரம். பெஷாவர் அருகே இருந்த நாசிர் பாக் முகாமில், ஒரு கூடாரத்துக்குள் பெண் குழந்தைகளுக்கான பள்ளி நடந்துகொண்டிருந்தது. ஆசிரியையிடம் அனுமதி கேட்டு உள்ளே போன மெக்கரி, ஒரு மாணவியின் கண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சுமார் 12 வயது. கிழிந்த செந்நிற முக்காடு. பச்சைக் கண்கள். சில நிமிடங்கள்தான். சில படங்கள்தான். அந்தச் சிறுமி எழுந்து போய்விட்டாள்.

ஒரு படத்தில் அவள் முகத்தைப் பாதி மறைத்திருந்தாள். இன்னொன்றில் நேருக்கு நேர் பார்த்தாள். அந்த இரண்டாவது படம், 1985 ஜூன் மாத இதழின் அட்டைக்குப் போனது. அப்புறம் நடந்தது உலகமறிந்த கதை. போஸ்டர், புத்தகம், கண்காட்சி என்று அந்த முகம் போகாத நாடில்லை. ‘ஆப்கன் சிறுமி’ என்றால் எல்லோருக்கும் தெரியும். பெயர்? அது யாருக்கும் தெரியாது. மெக்கரி பெயரைக் குறித்துக்கொள்ளவே இல்லை.

2002 ஜனவரியில் அவரும் நேஷனல் ஜியோகிராஃபிக் குழுவினரும் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதே முகாமுக்குத் தேடிப் போனார்கள். முகாமே இடிக்கப்படும் நிலையில் இருந்தது. ‘அது நான்தான்’, ‘அவரை எனக்குத் தெரியும்’ என்று பலர் வந்தார்கள். கடைசியில், சிறுவயதில் அதே முகாமில் இருந்த ஒருவர் மலைக்கிராமத்துக்குப் போய், ஒரு பெண்ணை அழைத்து வந்தார். கருவிழியின் வரிகளைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவர்தான் என்று உறுதிசெய்தார்கள்.

அவர் பெயர் ஷர்பத் குலா. திருமணமாகி, பிள்ளைகள் பெற்று, வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். உலகமே பார்த்துவிட்ட அந்தப் படத்தை, அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்! படமெடுத்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆண் தன்னைப் படமெடுத்ததில் வந்த கோபமும் நினைவிருந்தது. உலகம் அந்தக் கண்களில் போரின் பயத்தைப் பார்த்தது, துணிச்சலைப் பார்த்தது. அந்தக் கோபத்தைப் பற்றி அவரிடம் கேட்க 17 ஆண்டுகள் ஆகின.

கண்டுபிடித்த பிறகு உதவிகள் வந்தன. ஆப்கன் பெண் குழந்தைகளின் கல்விக்காக நேஷனல் ஜியோகிராஃபிக் ஒரு நிதியையும் தொடங்கியது. ஆனால், புகழுக்கு இன்னொரு பக்கமும் உண்டே! 2016-ல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் அவர் கைதுசெய்யப்பட்டார். அகதிகளாக வந்த எத்தனையோ பேர் இப்படி அட்டை வாங்கியிருந்தார்கள். உலகச் செய்தியானது அவருடைய கைதுதான். ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்ட அவரை அந்த நாட்டின் அதிபரே வரவேற்றார். காபூலில் வீடும் கிடைத்தது. 2021-ல் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்ததும், அந்த வீட்டையும் விட்டு இத்தாலியில் தஞ்சம் புகுந்தார். அகதியாகத் தொடங்கிய வாழ்க்கை, மறுபடியும் அகதி வாழ்க்கைக்கே வந்து நின்றது.

வராமலே போன ஒரு பிரதி

இதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, அமெரிக்காவில் இதேபோல ஒரு கதை நடந்தது.

1936-ம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவுக் காலம். வேலை தேடி ஊர் ஊராகப் போகும் விவசாயக் கூலிகளைப் படமெடுக்க, அரசு நியமித்த புகைப்படக் கலைஞர் டோரோத்தியா லாங். ஒரு மாதப் பயணத்தை முடித்துவிட்டு, மழையில் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில் ‘பட்டாணி பறிப்போர் முகாம்’ என்ற பலகையைப் பார்த்தும் கடந்து போய்விட்டார். மனசு கேட்கவில்லை. 20 மைல் போனவர், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

ஒரு கிழிந்த கூடாரம். அதில் ஒரு தாய். தோளில் முகம் புதைத்துக்கொண்ட இரு குழந்தைகள், மடியில் ஒரு கைக்குழந்தை. லாங் சுமார் பத்து நிமிடங்களில் சில படங்கள் எடுத்தார். அந்தத் தாயின் வயது 32 என்று குறித்துக்கொண்டார். பெயரையோ, அவர் கதையையோ தான் கேட்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழில் படங்கள் வெளியானதும் அரசு அசைந்தது. சுமார் 9,000 கிலோ உணவுப்பொருள்கள் அந்த முகாமுக்கு அனுப்பப்பட்டன. பனியில் பட்டாணி விளைச்சல் அழிந்துபோய், வேலையின்றிப் பட்டினி கிடந்தவர்களுக்கு அது உயிர் கொடுத்த உதவி. புகைப்படத்தின் சக்தி என்றால் இதுதான். ஆனால், உணவு வந்து சேரும் முன்பே அந்தத் தாய் தன் குழந்தைகளோடு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற பெயரில் அந்தப் படம் வரலாற்றுப் பாடமானது. 42 ஆண்டுகள் கழித்து, 1978-ல்தான் அவர் யார் என்று ஒரு பத்திரிகையாளர் மூலம் உலகுக்குத் தெரிந்தது. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். செரோக்கி எனும் அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அவருக்குப் பெருமை இல்லை, வருத்தம்தான் இருந்தது. தன் பெயரை லாங் கேட்கவில்லை, படத்தை விற்க மாட்டேன் என்றார், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பவும் இல்லை, தனக்கு ஒரு காசும் வரவில்லை என்பது அவரின் குறை.

லாங் இதில் சம்பாதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசுப் பணியில் எடுத்ததால் படம் அரசுக்குச் சொந்தம். ஆனால், கார் டயர்களை விற்றுத்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது என்று லாங் எழுதிய குறிப்பை, அவர்களின் பிள்ளைகள் கடைசிவரை மறுத்தார்கள். பழுதான கார் சரியாவதற்காகத்தான் அந்தக் குடும்பம் அங்கே காத்திருந்ததாம். பெயர் தெரியாத முகத்துக்கு யார் எந்தக் கதையையும் எழுதலாம். ‘அது அப்படி இல்லை’ என்று திருத்த ஆள் இருக்காது.

1983-ல் ஃப்ளோரன்ஸ் நோயில் விழுந்தபோது, மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் மக்களிடம் உதவி கேட்டார்கள். 35,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. பணத்தோடு கடிதங்களும் வந்து குவிந்தன. அந்தப் படம் தங்களுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். அதுவரை அந்தப் படத்தை ஒரு சுமையாகவே நினைத்த பிள்ளைகளுக்கு, முதன்முறையாகப் பெருமை வந்தது. ஃப்ளோரன்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

அரை நிமிட வேலை

மெக்கரியும் லாங்கும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் படமெடுக்காமல் போயிருந்தால் அந்த முகாம்களின் துயரம் வெளியே தெரிந்திருக்காது. விட்டுப்போனது ஒன்றுதான், ஒரு பெயர். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அரை நிமிடம் போதும்.

இன்று எல்லோர் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. சுற்றுலா போன இடத்தில் பூ விற்கும் பாட்டி, படகோட்டி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, மூக்கு ஒழுகச் சிரிக்கும் குழந்தை என்று யாரைப் பார்த்தாலும் கை போனுக்குப் போகிறது. அன்று ஒரு முகம் உலகைச் சுற்றிவர மாதங்கள் ஆயின. இன்று அந்தப் பாட்டி கூடையை எடுத்து வைப்பதற்குள் ஆயிரம் பேர் பார்த்துவிடுவார்கள்!

“பாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று முதலில் கேட்கலாம். குழந்தை என்றால் அம்மா அப்பாவிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று தலையசைத்தால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எடுத்த படத்தை அவர்களிடமே முதலில் காட்டலாம். நெட்டில் போடுவதாக இருந்தால் அதையும் சொல்லிவிடலாம். அனுப்புகிறேன் என்று சொன்னால் மறக்காமல் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் இல்லாதவர் என்றால், ஸ்டூடியோவில் ஒரு பிரின்ட் போட்டு, அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம்.

படமெடுத்த தேதி, நேரம், இடம், என்ன லென்ஸ் என்பதுவரை போன் தானாகவே குறித்துக்கொள்கிறது. படத்தில் இருப்பவரின் பெயரை மட்டும் அதனால் குறிக்க முடியாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.