இலவச ராத்திரியின் விலை 3,540 ரூபாய்

ஓட்டல் கிரெடிட் கார்டு வாங்குனா ஒரு ராத்திரி ஃப்ரீயாம். நம்ம கே.ஜி.கண்டிகை வரைக்கும் இந்தப் பேச்சு வந்தாச்சு மக்களே!

2023 ஆகஸ்டுல எச்.டி.எஃப்.சி. வங்கியும் மேரியட்டும் சேர்ந்து விட்ட கார்டையே எடுத்துக்குவோம். அறிமுகமானப்போ கட்டணம் 3,000. அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 540. முதல்ல 3,540 ரூபாய் கட்டிட்டு அப்புறம் தங்குறதுக்குப் பேரு இலவசமா? அட்வான்ஸ் புக்கிங்யா அது!

அந்த ராத்திரிக்கும் 15,000 பாயிண்டுன்னு ஒரு வரம்பு. ஒரு வருசத்துக்குள்ள போகணும். 2022லயே மேரியட் நிலையான பாயிண்ட் பட்டியலைத் தூக்கிடுச்சு. அதனால தேதிக்கு ஒரு ரேட்டு. நமக்கு லீவு கிடைக்கிற நாள்ல ஊருக்கே லீவு. அன்னைக்கு ரேட்டு எப்படி இருக்கும்னு சொல்லணுமா?

மாசாமாசம் பெங்களூரு, மும்பைன்னு சுத்துறவருக்கு லாபம்தான், மறுக்கல. ஆடிக்கிருத்திகைக்கு 365 படி ஏறி இறங்கி லாட்ஜுல படுக்கிற நமக்கு? போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் தனி. பில்லுல பாக்கி வச்சா மாசாமாசம் வட்டி வரும்.

ஒரே கேள்விதான். கார்டு இல்லாட்டியும் 3,540 குடுத்து அங்க தங்கியிருப்பீங்களா? ஆமான்னா வாங்குங்க. இல்லைன்னா அது போனஸ் இல்ல சாமி, தூண்டில்.