பெரிய இடத்தை கிண்டலடிச்சா நோட்டீஸ்! கறுப்பு, குண்டு, குட்டைன்னா கைதட்டல்!! - டி.வி. காமெடியில் என்ன நடக்குது?

மதுரை:

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மதுரை வீடுகளில் ரிமோட் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் காமெடி சேனல்தான். ஒருத்தர் இன்னொருத்தரை எட்டி உதைப்பார். கறுப்பு நிறத்தை, வழுக்கையை, திக்கித் திக்கி பேசுவதை வைத்து ஒரு வசவு விழும். வீடே சிரிக்கும். மறுநாள் அதே வசவு ஏதோ ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் யாரோ ஒரு பிள்ளைக்கு பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.

சிரிப்பு விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வடிவேலு இந்த ஊர்க்காரர். பட்டிமன்றத்தை கலகலப்பாக்கி டி.வி.க்கு கொண்டு போன சாலமன் பாப்பையா, இங்குள்ள அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் பேராசிரியராக இருந்தவர். விஜய் டி.வி.யில் 2005-ம் ஆண்டு தொடங்கிய 'கலக்கப் போவது யாரு?' நிகழ்ச்சி மதுரை முத்து, 2025 செப்டம்பரில் மறைந்த ரோபோ சங்கர் என்று நம்ம ஊர் ஆட்களை வீட்டுக்கு வீடு கொண்டு போய் சேர்த்தது.

அதனால் காமெடியே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லப் போவதில்லை. யாரை கிண்டலடித்தால் பிரச்சினை வெடிக்கிறது, யாரை கிண்டலடித்தால் சத்தமே வருவதில்லை என்பதுதான் கேள்வி.

சிறுமலை போட்டோ

வாடிப்பட்டியில் நடந்த கூத்து பலருக்கு ஞாபகம் இருக்கும். 62 வயதான இடதுசாரி கட்சி நிர்வாகி ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்கு போய்விட்டு வந்தார். எடுத்த போட்டோக்களை பேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கி சுட பயிற்சி எடுக்க போனதாக விளையாட்டாக ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான். நாட்டுக்கு எதிராக போர் தொடுக்க ஆயுதம் சேர்த்தால் போடும் சட்டப்பிரிவு அவர் மேல் பாய்ந்தது! ரிமாண்ட் கேட்டு போலீசார் போனபோது வாடிப்பட்டி மாஜிஸ்திரேட்டு மறுத்துவிட்டார்.

2021 டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரை கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த வழக்கை ரத்து செய்தார். சிரிப்பதையும் குடிமக்களின் அடிப்படை கடமைகளில் சேர்க்கலாம் என்ற ரீதியில் நகைச்சுவையாகவே எழுதப்பட்ட அந்த தீர்ப்பு நாடு முழுக்க பேசப்பட்டது. ஆனால் அதில் இருந்த இன்னொரு விஷயத்தை பலர் கவனிக்கவில்லை. வேடிக்கையாக பேசுவது வேறு, இன்னொருவரை கேலி செய்வது வேறு என்று நீதிபதி பிரித்து சொன்னார். எதைப் பார்த்து சிரிப்பது என்பது சாதாரண கேள்வி இல்லை என்றும் குறிப்பிட்டார்.

தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2022 ஜனவரி 15-ந்தேதி ஜீ தமிழ் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் ராஜா, மந்திரி வேஷம் கட்டி நாடகம் போட்டனர். கறுப்பு பணத்தை ஒழிக்கிறேன் என்று கிளம்பிய ராஜாவின் கதை. பிரதமரை கேலி செய்துவிட்டார்கள் என்று பா.ஜனதா புகார் கொடுக்க, 7 நாளில் பதில் சொல் என்று சேனலுக்கு மத்திய அரசின் நோட்டீஸ் போனது.

அந்த நாடகத்துக்கு மூலம் எது தெரியுமா? நம்ம வடிவேலு நடித்து 2006-ல் வந்த 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'. ஜாதி சண்டை போட தனி மைதானம் திறந்து வைக்கும் கிறுக்கு ராஜாவைப் பார்த்து தமிழ்நாடே சிரித்தது. ராஜாவை, மந்திரியை, பண்ணையாரை கேலி செய்வது தெருக்கூத்து கட்டியங்காரன் காலத்து வழக்கம். அதற்குத்தான் நோட்டீஸ்.

ரசிகர் மன்றம் இல்லாதவர்கள்

2018 ஜனவரியில் சன் மியூசிக் நிகழ்ச்சியில் இரண்டு தொகுப்பாளினிகள் நடிகர் சூர்யாவின் உயரத்தை வைத்து ஜோக் அடித்தனர். நடிகர் சங்கம் கண்டித்தது. ரசிகர்கள் சென்னையில் டி.வி. அலுவலகம் முன்பு போராட்டத்தில் குதித்தனர். வேண்டாம் என்று சூர்யாவே சொல்ல வேண்டியதாயிற்று. சரி, சூர்யாவுக்கு ரசிகர் மன்றம் இருக்கு. உசிலம்பட்டியில் ஆறாம் வகுப்பு படிக்கிற குட்டைப் பையனுக்கு? அவனுக்காக யார் கொடி பிடிப்பா?

திருநங்கைகள் கதை இன்னும் மோசம். ஆம்பளை ஆள் சேலை கட்டி, கையைத் தட்டி நடந்து வந்தாலே காமெடி என்று எத்தனை மேடைகள் ஓடியிருக்கின்றன! தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துவிட்டது. டி.வி. மேடைக்கு அந்த செய்தி போய்ச் சேர ரொம்ப நாளானது.

இங்கே வடிவேலுவையும் சொல்ல வேண்டும். அவர் காமெடியில் அடி வாங்குவது யார்? அவரேதான். வீராப்பாக கிளம்பி, சட்டை கிழிந்து திரும்பும் சண்டியரைப் பார்த்துத்தான் ஜனங்கள் சிரித்தார்கள். அது மதுரைக்காரர் மதுரை வீராப்பை கிண்டலடித்தது. அதே ஊரை வெளி ஆட்கள் எடுத்தால் என்ன ஆகிறது? மதுரைன்னாலே அருவா, டாடா சுமோ, பறக்கும் மண். 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்று பேசினாலே ரவுடி. வேலைக்கு சென்னை போகிற பையன்களிடம், "அருவா எங்கப்பா?" என்று கேட்டு சிரிப்பது தனி காமெடி. குறிப்பிட்ட இன, மொழி, வட்டார மக்களை ஏளனமாக காட்டக்கூடாது என்று 1994-ம் ஆண்டு கேபிள் டி.வி. விதிகளே சொல்கின்றன. அதை எடுத்துப் படிப்பவர் யாரோ!

கோர்ட்டு போட்ட கோடு

மாற்றுத் திறனாளிகள் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டு கோடு போட்டு விட்டது. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்தி படம் தொடர்பான வழக்கில் 2024 ஜூலையில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பு கூறியது. உடல் குறைபாட்டை புரிய வைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்றது. 2025 ஆகஸ்டில், முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோயாளிகளையும் மாற்றுத் திறனாளிகளையும் கேலி செய்த வழக்கில் சமய் ரெய்னா உள்ளிட்ட காமெடியன்களை அவரவர் நிகழ்ச்சியிலேயே மன்னிப்பு கேட்க உத்தரவிட்டது. பொது இடத்தில் மாற்றுத் திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில் என்று 2016-ம் ஆண்டு சட்டமே இருக்கிறது.

ஆனால் எதற்கெடுத்தாலும் போலீஸ், வழக்கு என்று போனால் வாடிப்பட்டி கதைதான் திரும்ப வரும். ஜோக்குக்கு ஜெயில் என்று ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது சின்ன ஆள்தான்.

வேறு வழி இருக்கிறது. 2021-ல் திருத்தப்பட்ட கேபிள் டி.வி. விதிப்படி யார் வேண்டுமானாலும் சேனலுக்கே நேரடியாக எழுதி புகார் கொடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று சேனல் பதில் தர வேண்டும். 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையா, சேனல்கள் சேர்ந்து வைத்திருக்கும் சுய கட்டுப்பாட்டு அமைப்புக்கு அப்பீல் போகலாம். அங்கேயும் சரிப்படாவிட்டால் மத்திய அரசு வரை போகலாம். நிகழ்ச்சி பெயர், தேதி, நேரம் குறித்து வைத்திருந்தால் போதும். கேபிள்காரரிடம் சண்டைக்கு போய் பிரயோஜனம் இல்லை. அவர் மாசச் சந்தா வாங்கத்தான் வருகிறார்.